கூப்பாடு போடவிடாத வைரஸ்: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3

இன்று தொற்று ஏற்றியாயிற்று. வி.எஸ்.வி. என்று சுருக்கமாகச் சொல்வோம், மாடு குதிரைகளுக்கு வாயில் கொப்புளம் கிளப்பும் வைரஸ். என்னிடம் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று இயல்பானது. மற்றதில் எம் என்கிற புரதத்தின் 51ஆவது இடத்தில் மெத்தியோனினுக்குப் பதிலாக ஆர்ஜினின். 229 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் வேறு.

இரண்டையும் மனிதத் தோல் செல்கள் மேலும் வீரோ செல்கள் மேலும் விட்டிருக்கிறேன். வீரோ என்பது 1962இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த செல் வகை. வைரஸ் வந்தால் அக்கம்பக்கத்தை எச்சரிக்கும் முதல் வகை இன்டர்ஃபெரானின் மரபணுக்கள் அதில் விட்டுப்போய்விட்டன. எனக்கு வேண்டியது அந்தக் குறைதான்.

மார்ச் 4

ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். உயிரோடு இருக்கும் செல்கள் ஊதாவாக ஒட்டிக்கொண்டிருக்கும், செத்தவை தண்ணீரோடு போய் அந்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். வீரோ தட்டில் இரண்டு வைரஸுக்கும் பெரிய பெரிய வட்டங்கள். தோல் செல்களில் இயல்பான வைரஸுக்கும் அப்படித்தான். ஆனால் தட்டில் மாறிய வைரஸ் விட்ட குழியில் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. முதலில் விழுந்த செல்களைச் சாகடித்திருக்கிறது, அதைத் தாண்டிப் பரவ முடியவில்லை. பக்கத்துச் செல்கள் தப்பித்துவிட்டன.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

நேற்றைய புள்ளிகளுக்குப் பின்னால் நடந்ததை எழுதி வைக்கிறேன். மரபணுவின் சேதியைச் சுமந்து போகும், நம் செல் எழுதும் தூது ஆர்.என்.ஏ.வின் முனையில் ஒரு தொப்பி இருக்கும், பல வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வில் தொப்பி இல்லாமல் மூன்று பாஸ்பேட் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். ரிக்-ஐ என்ற புரதம் அந்த முனையைத் தடவிப் பார்த்தே இது வெளியாள் என்று கண்டுபிடித்துவிடுகிறது, உடனே மைட்டோகாண்ட்ரியா மேல் உட்கார்ந்திருக்கும் மாவ்ஸ் புரதத்துக்குச் சேதி போகிறது, அங்கிருந்து மரபணுக்கள் இருக்கும் செல்லின் கருவுக்குள் போய் இன்டர்ஃபெரான் மரபணு முடுக்கப்படுகிறது. வெளியே வரும் இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடும். இதுதான் செல்லின் கூப்பாடு.

வி.எஸ்.வி. இந்தக் கூப்பாட்டின் வாயைப் பொத்தும் இடம் கருவின் வாசல். எம் புரதம் கருத்துளையில் போய் உட்கார்ந்து, தூது ஆர்.என்.ஏ. வெளியே வராதபடி அடைத்துவிடுகிறது. சேதி எழுதியாகிவிட்டது, ஆனால் உள்ளேயே கிடக்கிறது. 51ஆவது எழுத்து மாறினால் அந்தப் பிடி நழுவுகிறது. கோவிட் வைரஸின் ஓ.ஆர்.எஃப்.6 புரதமும் அதே வாசலைத்தான் பிடிக்கிறது. சொந்தபந்தமே இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே கதவில் வந்து நிற்கின்றன என்றால் அந்தக் கதவு எவ்வளவு முக்கியமானதாக இருக்க வேண்டும்!

மார்ச் 7

இன்று தட்டு வேலை இல்லை, படிப்புதான். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் தன் நீளமான புரதத்தைத் துண்டு போட ஒரு கத்தி வைத்திருக்கிறது, அது இல்லாமல் அதற்குப் பிழைப்பே இல்லை. அதே கத்தியால் மாவ்ஸையும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அறுத்து விடுகிறது. ஒரே கருவியில் இரண்டு வேலை. டெங்கு வேறு வழியில் போகிறது, இன்டர்ஃபெரானின் குரல் காதில் விழுந்தபிறகு அதை உள்ளே கடத்தும் ஸ்டாட்-2 என்ற புரதத்தையே அழிக்கிறது. மனித ஸ்டாட்-2வைத்தான் அதனால் அழிக்க முடியும், எலியுடையதை முடியாது. சாதாரண எலிக்கு டெங்கு சரியாகப் பிடிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாம் நோயில் விழுவதும் எலி தப்பிப்பதும் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் இருக்கிறது என்பதை இன்னும் முழுசாக ஜீரணிக்க முடியவில்லை.

மார்ச் 9

தோல் செல் குழிகளின் திரவத்தைத் தனித்தனியாக எடுத்து, புற ஊதா ஒளியில் வைரஸைச் செயலிழக்கச் செய்து, புதுச் செல்கள் மேல் ராத்திரி முழுக்க வைக்கிறேன். நாளைக் காலை அவற்றின் மேல் இயல்பான வைரஸ். திரவத்தில் இன்டர்ஃபெரான் இருந்தால் அவை தப்பிக்கும். புது யோசனை ஒன்றும் இல்லை, 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கோழி முட்டைச் சவ்வை வைத்து ஏறக்குறைய இதைத்தான் செய்தார்கள், இன்டர்ஃபெரான் என்ற பெயரே அப்படித்தான் வந்தது.

மார்ச் 11

சாயம் போட்டுப் பார்த்தாயிற்று. மாறிய வைரஸின் திரவத்தில் ஊறிய செல்கள் அப்படியே முழு ஊதா. இயல்பான வைரஸின் திரவத்தில் ஊறியவை பெரும்பாலும் காலி. அந்தத் திரவத்தில் எச்சரிக்கையே இருக்கவில்லை, வைரஸ் அதை வெளியே விடவில்லை.

2020இல் வந்த ஆய்வு திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. கோவிட் கடுமையாகத் தாக்கிய 987 பேரில் 101 பேருடைய ரத்தத்தில் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ தொற்று வந்துபோன 663 பேரில் ஒருவருக்கும் இல்லை. வைரஸ் பொத்த வேண்டிய வாயை அவர்களுடைய உடம்பே பொத்தியிருக்கிறது. தொற்றின் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பதை நல்ல சகுனமாகவே நினைத்து வந்தேன். இனிமேல் அப்படி நினைக்க முடியாது.

அப்புறம், நாளைக்குப் புதுத் தட்டு. இயல்பான வைரஸை ஏற்றிவிட்டு இன்டர்ஃபெரானை 2 மணி, 6 மணி, 12 மணி நேரம் தாமதமாகக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். செல்களை இன்று மாலையே பரப்பி வைத்துவிட்டேன்.