கார்டு ஹேங் ஆகிறது என்றால்

பாஸ்வேர்டு மறந்துபோன கோப்புகளை, உரிமையாளரே கேட்டுக்கொண்டால், திறந்து கொடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் ஹேஷ்கேட் மென்பொருளைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் விடை இருக்கும் என்று நினைக்கிறார்கள். பல நாள் காலையில் இருப்பது உறைந்துபோன திரைதான்.

"கார்டு ஹேங் ஆயிடுச்சு" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, மானிட்டரை எந்தக் கார்டில் செருகியிருக்கிறீர்கள் என்பதைத்தான். காரணம் இருக்கிறது. கார்டு 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அது செத்துவிட்டதென்று முடிவுகட்டி டிரைவரையே ரீசெட் செய்துவிடும், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்று ஒரு வரி விழும். கார்டு சாகவே இல்லை, பாவம், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆஃபீஸ் 2013 கோப்பு என்றால் ஒரே ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்கவே எஸ்எச்ஏ-512 என்ற ஹேஷ் கணக்கை 1 லட்சம் முறை சுற்ற வேண்டும். ஹேஷ்கேட் அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கார்டுக்கு அனுப்புகிறது, ஆனால் துண்டு எவ்வளவு பெரியது என்பது ஒர்க்லோடு என்ற ஆப்ஷனில் 1 முதல் 4 வரை நாம் வைக்கும் அளவைப் பொறுத்தது. 1-ல் வைத்தால் ஒரு துண்டுக்குச் சுமார் 2 மில்லிவிநாடி, 4-ல் 480. அந்த 4-க்கு அவர்களே வைத்த பெயர் 'நைட்மேர்', மானிட்டர் இல்லாத கணினிக்குத்தான் அது. மானிட்டர் மாட்டிய கார்டில் அதை வைத்தால் மவுஸ்கூட நகராது, துண்டின் அளவைப் பற்றிய ஹேஷ்கேட்டின் கணிப்பு கொஞ்சம் பிசகினால் அந்த 2 விநாடியும் தாண்டிவிடும்.

உடனே விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், அந்த 2 விநாடி வரம்பைக் குறிக்கும் டிடிஆர்-டிலே மதிப்பை ஏற்றுவார்கள். வேலை செய்யும், ஆனால் நான் முதலில் ஒர்க்லோடை 2-க்கு இறக்கிப் பார்ப்பேன். டிலேயை ஏற்றிவிட்டால் நிஜமாகவே கார்டு ஹேங் ஆகும்போது அது தெரிவதும் தாமதமாகும்.

நிஜ ஹேங் வேறு ஜாதி. லினக்ஸில் கெர்னல் லாகைத் திறந்தால், என்விடியா கார்டாக இருந்தால், எக்ஸ்ஐடி 79 என்ற பிழை எண் இருக்கும், கார்டு பஸ்ஸிலிருந்து, அதாவது மதர்போர்டுடனான இணைப்பிலிருந்து, விழுந்துவிட்டது என்று பொருள். இதற்கு எந்த ஆப்ஷனும் உதவாது, பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். பவர் கேபிள், கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் ரைசர், தூசி அடைத்த ஃபேன். பவர் லிமிட்டைக் குறைத்து ஓட்டினால் ஹேங் நின்றுவிடுகிறதா? அப்படியானால் என் சந்தேகம் பவர் சப்ளை மேல்தான் போகும்.

ஓவர்கிளாக் செய்த, அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓடவிட்ட, கார்டுகள்தான் எனக்குப் பிடிக்காதவை. கேமில் ஒரு பிட் தப்பினால் திரையில் ஒரு புள்ளி மினுக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இங்கே சரியான பாஸ்வேர்டே தவறென்று கடந்துபோகும், ஒரு எச்சரிக்கையும் வராது. தொடக்கத்தில் மென்பொருள் செய்யும் சுயபரிசோதனை, கார்டு சூடேறிய பிறகு நடப்பதைப் பிடிக்காது. அதனால் அப்படிப்பட்ட கார்டில் 'தேடி முடிந்தது, கிடைக்கவில்லை' என்று வந்த பகுதிகளை, கிளாக்கைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டுத் திரும்ப ஓட்டச் சொல்கிறேன், கோப்புக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.