நிழலில்லாத ஆறாம் மாடி

மார்ச் 26
மலையகத்தின் குளிரான தேயிலைத் தோட்டப் பகுதி மஸ்கெலியாவிலிருந்து நான்கு பையன்கள் இன்று எங்கள் கட்டட வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருவன் பைக்குள் கம்பளி ஸ்வெட்டர். கொழும்புக் கடலோரத்து வெள்ளவத்தைக்கு ஸ்வெட்டர்! சிரித்துவிட்டு ஆறாம் மாடிக்கு அனுப்பினேன். சிரித்த நேரத்தில் யோசித்திருக்கலாம்.

மார்ச் 27
பதினொன்றரை மணி. மேசன் பாஸ் கூப்பிட்டார்: "சேர், அந்தத் தம்பியின் கையைப் பாருங்கள்." ஸ்வெட்டர்காரன் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கம்பிகள் குறுக்கிடும் ஒரே சந்தியில் மூன்று கட்டு. நான்காவதையும் அதிலேயே முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துச் சந்திகள் எல்லாம் வெறுமை. பெயரைக் கேட்டால் ஊரைச் சொல்கிறான்.

அம்புலன்ஸ் சேவையின் 1990 இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் சப்பாத்தையும் சட்டையையும் கழற்றினோம். தூணை நனைத்து வைக்கச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவி அவன்மேல் போட்டு, குழாய்த் தண்ணீரை விடாமல் அடித்தார் பாஸ். ஒருவர் பலகைத் துண்டால் விசிறினார். வாயில் தண்ணீர் ஊற்ற வந்தவரைத் தடுத்தேன். நினைவு தடுமாறுகிறவனுக்குப் புரையேறும்.

அவனுக்கு வியர்வை நிற்கவே இல்லை. வியர்க்கும் வரை ஆபத்தில்லை என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். உழைத்து விழுகிறவனுக்கு வியர்த்தபடியே உடற்சூடு 40 பாகையைத் தாண்டலாம் என்று வைத்தியர் சொன்னார்.

மார்ச் 28
பையன் தேறிவிட்டான். அவனுடைய போத்தல் மூடி திறக்காமலே கிடந்தது. ஏனடா குடிக்கவில்லை என்றேன். "கழிப்பறை கீழே இருக்கிறது, சேர். அடிக்கடி இறங்கினால் வேலைக்குக் கள்ளன் என்பார்கள்."

தண்ணீர் குடியுங்கள் என்று மாடிக்கு மாடி நான்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாடி இறங்குவதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மார்ச் 30
இரவு முழுதும் வாசிப்பு. அமெரிக்காவில் வெயிலால் இறக்கும் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையின் முதல் நாளிலேயே இறக்கிறார்களாம். உடல் சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் வேண்டும். புதியவனை முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயிலில் விட வேண்டும். பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டலாம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பைத் தண்ணீர், தாகம் எடுக்காவிட்டாலும்.

ஒப்பந்தக்காரர் கேட்டார்: "ஐந்தில் ஒரு பங்கு வேலைக்கு முழுச் சம்பளமா?" மிச்ச நேரம் நிலக்கீழ்த் தளத்தில் கம்பி வளைக்கட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். நாலாம் மாடியில் கழிப்பறை கேட்டதற்குப் பதிலே இல்லை.

ஏப்ரல் 7
வருடாவருடம் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் கடக்கும். இன்று நண்பகலில் நிமிர்ந்து நின்ற தூண்கம்பிக்கு நிழலே விழவில்லை. வெப்பமானியில் 32 பாகைதான். ஆனால் ஈரப்பதன் 70 வீதம் என்றால் உடம்புக்கு அது 40. வெயிலில் நின்றால் இன்னும் மேலே. கடற்காற்றை நம்பிப் பயனில்லை, வியர்வையைக் காயவிடாது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி, பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை மேல்தளத்தில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆறு மணிச் சத்தம் பிடிக்கவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் உண்டு.

ஏப்ரல் 11
புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். ஸ்வெட்டர்காரன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்குத்தான் கவலை: பத்து நாள் குளிரில் இருந்தால் பழகிய உடல் பழக்கத்தை விட்டுவிடும். 21ஆம் திகதி திரும்புகிறவர்கள் பழையவர்கள் அல்லர், பாதிப் புதியவர்கள். 22ஆம் திகதியே கொங்கிரீட் போட வேண்டுமாம். ஒப்பந்தக்காரரோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் சண்டை.

ஏப்ரல் 21
கொங்கிரீட் 25ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது. மூவர் வந்தார்கள், நாலாமவன் தோட்டத்திலேயே நின்றுவிட்டானாம். இன்று பாதி நேரம், நாளை அறுபது வீதம், அடுத்த நாள் எண்பது. பெயரோடு பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். நாலாம் மாடிக் கழிப்பறையும் வந்துவிட்டது. தாழ்ப்பாள்தான் இல்லை, பாஸ் கட்டுக்கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்துகொண்டிருக்கிறார்.