பென்ஷன் கணக்குக்குப் பூட்டுப் போட்ட அனுபவம்

ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதங்கள்தான் ஆபத்தானவை. கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), பிஎஃப், விடுப்புச் சம்பளம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சேமிப்புக் கணக்கில் வந்து விழும். அந்தக் கணக்கில் யூபிஐ இருக்கும், ஏடிஎம் கார்டு இருக்கும், நெட் பேங்கிங் இருக்கும். இவை எல்லாமே ஒரே போனில் தொங்கும். முப்பது வருட உழைப்புக்கு ஒற்றைக் கொக்கிதான் தாழ்ப்பாள்.

பென்ஷன் கணக்குகளை மோசடிக்காரர்களிடமிருந்து காக்க நாங்கள் கூட இருந்து செய்துகொடுத்த வேலைகளை வரிசையாக எழுதுகிறோம். ஒரே நாளில் முடியாது. கிளைக்கு இரண்டு மூன்று நடை ஆகும்.

முதல் வேலை, பென்ஷன் வந்து விழும் வரவுக் கணக்கையும் செலவுக் கணக்கையும் பிரிப்பது. செலவுக் கணக்கை வேறு வங்கியில் தொடங்குங்கள். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்தால் இரண்டும் ஒரே வாடிக்கையாளர் எண்ணுக்குள் போய்விடும். ஒரே மொபைல் எண், ஒரே நெட் பேங்கிங் என்றால் ஒன்றைத் திறந்தவனுக்கு மற்றதும் திறந்துவிடும். பிரித்ததாக நினைத்துக்கொண்டு பலர் கோட்டை விடுவது இங்கேதான். பென்ஷன் கணக்கிலிருந்து மாதாமாதம் வீட்டுச் செலவுக்கான தொகை மட்டும் செலவுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி கிளையில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதிக் கொடுக்கலாம். யூபிஐ, கார்டு எல்லாம் அந்தச் செலவுக் கணக்கோடு நிற்கட்டும்.

பென்ஷன் கணக்கின் நெட் பேங்கிங்கை 'பார்க்க மட்டும்' என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். பல வங்கிகளில் இது உண்டு. ஆனால் கவுன்ட்டரில் கேட்டவுடன் "அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தால் வேலை நடக்கும். கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை அணைத்து வைக்கும் வசதியை வங்கிகள் கட்டாயம் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2020 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதை வங்கிச் செயலியிலோ ஏடிஎம்மிலோ நீங்களே செய்துகொள்ளலாம்.

அடுத்தது போன். பென்ஷன் கணக்கில் பதிவான சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) தொட்டால் அது ஸ்மார்ட்போனில் குடியேறி எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை அனுப்பிவிடும். பட்டன் போனில் அதற்கு இடமில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மட்டும் மறக்கக் கூடாது. நீண்ட நாள் சும்மா கிடந்தால் எண் ரத்தாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

பெரிய தொகையை எஃப்டியில் போட்டால் பத்திரம் என்று நினைப்பதில் பாதிதான் உண்மை. ஆன்லைனில் தொடங்கிய எஃப்டியை ஆன்லைனிலேயே உடைக்கலாம், அதை அடமானமாக வைத்து ஓவர்டிராஃப்ட் என்ற கடனும் எடுக்கலாம். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ காலில் உட்கார வைத்து மிரட்டுபவர்கள் முதலில் உடைக்கச் சொல்வது எஃப்டியைத்தான். (அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது.) ஆகவே எஃப்டியைக் கிளையில் கணவன் மனைவி கூட்டுப் பெயரில், 'இருவரில் ஒருவர்' என்று இல்லாமல் 'இருவரும் சேர்ந்து' கையெழுத்திடும் முறையில் போடுங்கள். ஒருவரை மிரட்டிவிடலாம், இருவரையும் கிளை வரை நடத்திக் கூட்டிப்போவது கடினம். இதில் சங்கடமும் உண்டு: ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் தனியாக எடுக்க முடியாது. அதற்காக மருத்துவச் செலவுக்கென ஒரு சிறு எஃப்டியை மட்டும் 'இருவரில் ஒருவர்' முறையில் விட்டுவையுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். ஓராண்டுக்குள் மூடினால் வட்டி கிடைக்காது. இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். அவசரப்படுத்துபவனுக்கு இந்தப் பிடித்தமே முட்டுக்கட்டை.

ஆதாரில் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் செய்யலாம். ஓடிபி இல்லாமல் கைரேகையை வைத்தே பணம் எடுக்கும் மோசடிக்கு இதுதான் மருந்து. ஆனால் பூட்டியதை மறந்துவிட்டு நவம்பரில் வாழ்நாள் சான்றிதழுக்கு (பென்ஷன்தாரர் உயிரோடு இருப்பதற்கான ஆண்டுச் சான்று) உட்கார்ந்தால் 330 என்ற பிழை வரும். சர்வர் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப முயல்வார்கள். தற்காலிகமாகத் திறந்துவிட்டு, அது தானே மீண்டும் பூட்டிக்கொள்வதற்குள் முகப் பதிவை முடிக்க வேண்டும். சுமார் பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே பிபிஓ எண் (பென்ஷன் உத்தரவு எண்), வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வாழ்நாள் சான்றிதழ் காலம் மோசடிக்காரர்களுக்கும் பண்டிகைக் காலம். போனில் உங்கள் பிபிஓ எண், ஓய்வு பெற்ற தேதி, மாதப் பென்ஷன் வரை சரியாகச் சொல்வார்கள். "இவ்வளவும் தெரிந்திருக்கிறதே, அலுவலக ஆள்தான்" என்று மனம் இளகும். விவரங்கள் கசிந்தவை, அவ்வளவுதான். "இன்றே ஓடிபி சொல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்ற மிரட்டலும் வெறும் சத்தமே. சான்றிதழ் தாமதமானால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும், கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். சான்றிதழுக்கான ஓடிபியை நீங்களே செயலியில் போடுவீர்கள், அல்லது வீட்டுக்கு வரும் தபால்காரர் உங்கள் எதிரில் போடுவார். போனில் கேட்பவருக்கு அதில் வேலையே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் முதல் போன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு. பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆலோசிப்பதில்தான் அரை நாள் போகிறது. அதற்குள் பணம் நாலைந்து கணக்குகள் தாண்டிவிடும். கணக்கு எண், தொகை, நேரம், யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒப்புகை எண் தருவார்கள். அதை வைத்துத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிய வேண்டும்.

அன்றே வங்கியிலும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி, நேரத்தோடு முத்திரை வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் எடுத்ததாக இருந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுக்கு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுத்த நிமிடம் வரை போனது உங்களுடையது, அதன் பின் போவது வங்கியுடையது. முத்திரையில் நேரம் கேட்பது அதற்காகத்தான். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம். விவரம் கேட்க 14448.

உங்கள் புகாரின் பேரில் முடக்கிய பணம் தானாகத் திரும்பாது. அது யாரோ ஒருவர் கணக்கில் உறைந்து கிடக்கும். ஒப்புகை எண், காவல் நிலைய ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503-வது பிரிவின் கீழ் பொதுவாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் "கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்" என்று அடுத்த கும்பலின் போன் வரும். முதலில் ஏமாந்தவர்களின் எண்ணைத் தேடித்தான் கூப்பிடுவார்கள்.