வலிக்காத காது

எனக்குக் காது வலித்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு தள்ளிப்போட்டேன்.

வாய்க்காலிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்தவன். சின்ன வயதில் சளி பிடித்தால் வலது காது ஒழுகும். சொட்டு மருந்து, கொஞ்சம் பஞ்சு, நாலு நாளில் நின்றுவிடும். முப்பத்தெட்டு வயதில் அது வேறு மாதிரி ஆனது. ஒழுகுவது குறைந்துபோய், நாற்றம் கூடியது. காலையில் தலையணை உறையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை. மனைவி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சீழ் நாத்தம் இல்லீங்க, எலி செத்த நாத்தம்" என்றாள். கொஞ்சமாகத்தானே வருகிறது என்று நானும் உள்ளூர் டாக்டரும் ஒன்றரை வருடம் சொட்டு மருந்திலேயே ஓட்டினோம்.

அப்புறம்தான் திருச்சிக்குப் போனேன். அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் ஓர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "எந்தப் பக்கம் கேக்குது?" வலது பக்கம்! சரியாகக் கேட்காமல் போயிருந்த அந்தக் காதில்தான் சத்தமாகக் கேட்டது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று இடது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். நரம்பு நன்றாக இருந்து, சத்தம் போகிற வழியில் மட்டும் கோளாறு இருந்தால் அப்படித்தான் கேட்குமாம். கண்ணாடி அறையில் எடுத்த சோதனையிலும் அதுவே வந்தது: வலது காதில் 48 டெசிபல் இழப்பு, நரம்பில் ஒன்றுமில்லை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'கொலஸ்டியடோமா' என்றார். கொலஸ்ட்ராலா என்று கேட்டேன். அதுவும் இல்லை, புற்றுநோயும் இல்லை, வெறும் தோல். செவிப்பறையின் மேல் மூலை உள்ளே இழுக்கப்பட்டுப் பை மாதிரி ஆகிவிட, உதிர்கிற தோலெல்லாம் வெளியே வர வழியில்லாமல் அதற்குள்ளேயே சேர்ந்து அழுகி, சுற்றியுள்ள எலும்பை அரிக்கிறது. சி.டி. ஸ்கேனில், காதுக்குள் சத்தத்தைக் கடத்துகிற குட்டி எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பு பாதி காணோம். அதற்கு மேலே மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம் மூளை. பக்கத்திலேயே முகத்தை அசைக்கிற நரம்பு. மருந்தால் போகாது, எடுத்தே ஆக வேண்டும் என்றார். வாய் கோணிப்போகவும் வாய்ப்புண்டு என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்குக் கை நடுங்கியது.

மயக்க மருந்து கொடுத்து மூன்றரை மணி நேரம். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, பையை எடுத்துவிட்டு, காதுக்கு மேலே உள்ள தசையின் உறையில் ஒரு துண்டு வெட்டிப் புதுச் செவிப்பறை வைத்தார்கள். கண் விழித்ததும் ஒரு குரல்: "பல்லைக் காட்டுங்க. கண்ணை இறுக்கி மூடுங்க." அரைத் தூக்கத்தில் பல்லைக் காட்டினேன். இரண்டு பக்கமும் ஒழுங்காக அசைந்ததாம். நர்ஸ் கேலி செய்கிறார் என்று என் மனைவி நினைத்திருக்கிறாள்.

வலி பெரிதாக இல்லை. தொல்லை கொடுத்தது நாக்குதான். சுவைக்குப் போகிற மெல்லிய நரம்பு ஒன்று நடுக்காது வழியாகப் போகிறது. அதைத் தொட்டிருப்பார்கள் போல. நாக்கின் வலது பாதியில் காபி, பித்தளை டம்ளரை நக்கியது போல இருந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூன்றாம் வாரம் காதில் திணித்த மருந்துத் துணியை இழுத்தார்கள், நாடா மாதிரி வந்துகொண்டே இருந்தது. அதோடு மின்விசிறிச் சத்தமும் உள்ளே வந்தது.

மூன்று மாதம் கழித்து இழப்பு 30 டெசிபலாகக் குறைந்தது. முழுசாகத் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காதுக்குள் குடைந்த குழியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போகிறேன். திரும்ப வளர்கிறதா என்றும் பார்க்கிறார்கள். குளிக்கும்போது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு. ஒருநாள் பஞ்சு நழுவிக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய், குளியலறையே சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கிணற்றில் குதிக்கிற ஆசை அன்றோடு போயிற்று.