போர்தோவின் 2 சென்டிமீட்டர் தண்ணீர்

பிரான்ஸின் போர்தோ நகரில் கரோன் ஆறு எப்போதும் சேறு கலங்கிய பழுப்பு நிறம்தான். கடல் ஓதம் ஊருக்குள்வரை ஏறி வருவதால் வண்டல் அடங்குவதே இல்லை. எதிரே நிற்கும் 18ஆம் நூற்றாண்டு பூர்ஸ் சதுக்கம் அதில் தெளிவாகத் தெரியாது.

அதனால் 2006இல் கரையிலேயே ஒரு கண்ணாடி செய்தார்கள். சுமார் 3,450 சதுர மீட்டருக்குக் கருங்கல் பலகைகள், மேலே வெறும் 2 செ.மீ. தண்ணீர். இவ்வளவு மெல்லிசாக இருந்தால் காற்றுக்குப் பெரிய அலை எழாது, பிம்பம் கலையாது, குழந்தைகளும் இறங்கி விளையாடலாம். சிறிது நேரத்தில் தண்ணீர் வடியும், கல் இடுக்கிலிருந்து பனிமூட்டம் ஆளுயரத்துக்கு எழும், திரும்பவும் நிரம்பும். குளிர்காலத்தில் அணைத்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், பக்கத்தில் ஓடும் டிராம்தான் இதைவிடப் பெரிய வேலை. பழைய கட்டடங்களின் முகப்பை மறைக்கும் என்று இந்தப் பகுதியில் மேலே கம்பியே இழுக்கவில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே தரையோடு தரையாக ஒரு மின்தண்டு. 8 மீட்டர் மின்துண்டு, 3 மீட்டர் காப்புத்துண்டு என மாறி மாறி வரும். வண்டி மேலே நிற்கும் துண்டில் மட்டும் மின்சாரம் பாயும், மற்றபடி தாராளமாக மிதித்து நடக்கலாம். 2003இல் ஓடத் தொடங்கிய புதிதில் மழைநீர் தேங்கி, வண்டிகள் அடிக்கடி நடுவழியில் நின்றன.