ஆறரைக் கிலோமீட்டர் கல்பாதைக்கு ஆறு வாரம்

மார்கழியின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது பேர் கூடினோம். ஒன்பது பேரிடமும் சொந்தமாக நான்கு சக்கர வண்டி இருந்தது. சவ்வாது மலையில் ஒரு கல்பாதையில் அதை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் ஒன்பது பேருக்கும் இருந்தது. பொங்கல் கழிந்த இரண்டாவது வார இறுதியில் கிளம்புவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. மற்றவற்றை முடிவு செய்ய எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் இங்கே எழுதப்போகிறேன்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டித் தார்ச்சாலையிலிருந்து பிரிந்து ஒரு மலையூருக்கு ஏறும் பாதை அது. ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அங்குள்ள மக்கள் சாமை மூட்டையைச் சுமந்தும், மோட்டார் சைக்கிளைத் தள்ளியும் போய்வரும் ஒரே வழி அதுதான். பெயர் வெளியே தெரிந்து வாரந்தோறும் வண்டிகள் வரத் தொடங்கினால், சக்கரத் தடங்கள் பள்ளமாகி, அடுத்த மழையில் அவற்றிலேயே தண்ணீர் ஓடிப் பாதையை அரித்துவிடும்.

நாளை முதலில் குறித்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்தாலும் பாறையிடுக்கில் ஊறும் நீர் நிற்கவும் பாசி காயவும் சில வாரம் ஆகும். ஈரப்பாறையில் எந்த டயரும் பிடிக்காது. மார்ச் பிறந்துவிட்டாலோ புல் காய்ந்து காட்டுத்தீயின் காலம் தொடங்கிவிடும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்றிலிருந்து கோடையில் மலைக்குக் கூட்டமாகப் போவதை நான் யோசிப்பதே இல்லை. ஆகவே எங்களுக்கு மிஞ்சியது ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும்தான்.

அடுத்தது அனுமதி. பாதையின் ஒரு பகுதி காப்புக்காட்டின் ஓரமாகச் செல்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். வனச்சரக அலுவலகத்தில் வண்டி எண்களையும் ஓட்டுநர் உரிம நகல்களையும் இணைத்து எழுத்து மூலம் கேட்டோம். பாதையை விட்டு விலகக் கூடாது, தீ மூட்டக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று நான்கு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. மலையூர்ப் பெரியவரிடமும் நேரில் போய்க் கேட்டோம். அலுவலகம் தரும் தாளைவிட அவருடைய சம்மதம் முக்கியம் என்பது என் எண்ணம், ஏனென்றால் வண்டி சிக்கிக்கொண்டால் முதலில் ஓடி வரப்போகிறவர்கள் அவரும் அவர் பிள்ளைகளும்தான்.

இதற்கிடையில் ஒரு மனத்தாங்கலும் வந்தது. கொளத்தூர் நண்பர் அப்போதுதான் ஒரு புது எஸ்யூவி வாங்கியிருந்தார். பார்வைக்கு உயரமான வண்டிதான் என்றாலும் முன்சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும். செங்குத்தான இடத்தில் மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும் கிடையாது. அந்த வண்டி வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே போய், பாதையை முன்கூட்டிப் பார்த்துவரும் வேலைக்கு என்னோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவரும் நானும் அம்பத்தூர் அண்ணனுமாக மூவரும் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையை முழுக்க நடந்தோம். கையில் இன்ச் டேப், நோட்டுப் புத்தகம், சுண்ணக்கட்டி. ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். அதில் வண்டியைத் தடுக்கக்கூடிய பாறைப்படிகள் நான்கு. இரண்டாவது படி தரையிலிருந்து 14 அங்குலம் நிமிர்ந்து நின்றது. அதை ஏறிய கையோடு தடத்தின் நடுவில் 9 அங்குலத்தில் ஒரு முண்டுக்கல். கொளத்தூர் நண்பர் அந்தக் கல்லின் அருகே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் உச்சியில் வைத்து, அதே உயரத்தைத் தன் முழங்காலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "என் வண்டி இங்க வராதுண்ணா" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

படியின் உயரத்தைவிட நடுக்கல்லின் உயரம்தான் கவலைக்குரியது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் விளக்கிச் சொல்வேன். சக்கரம் மோதும் கல்லின் மேல் சக்கரம் ஏறிவிடும். சக்கரங்களுக்கு நடுவே வரும் கல்லைத்தான் வண்டியின் வயிறு தாண்டியாக வேண்டும். எங்களில் பலரிடம் இருந்த மூன்று கதவு மஹிந்திரா தார் வண்டியின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னியினுடையது 210. 9 அங்குலம் என்பது ஏறக்குறைய 229. ஆக, இரண்டு வண்டியுமே அந்தக் கல்லை நடுவில் விட்டுக் கடக்க முடியாது. கடக்கப் பார்த்தால் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி போய் மோதும். இடச் சக்கரத்தைக் கல்லின் உச்சியிலேயே ஏற்றி நடத்துவதுதான் வழி. ஜிம்னிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தாரின் இரு அச்சுகளுக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர் என்றால், ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590. முன்சக்கரம் படியேறி, பின்சக்கரம் இன்னும் கீழே நிற்கும் அந்தக் கணத்தில் நீளமான வண்டியின் வயிறுதான் விளிம்பில் உரசும். ஆகவே அந்தப் படியின் அடியில் எங்கெங்கே கல் அடுக்க வேண்டும் என்பதையும் நோட்டில் படம் போட்டு வைத்தோம்.

வண்டியைத் திருப்பக்கூடிய இடங்களையும் அன்றைக்கே குறித்துக்கொண்டோம். பாதை முழுவதிலும் அப்படி மூன்று இடங்கள்தான் இருந்தன. கடைசி இடம் 5.6 கிலோமீட்டரில், நான்காவது படிக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடி. அதைத் தாண்டிவிட்டால் ஊர்வரை போய்த்தான் திரும்ப முடியும். எத்தனையோ பயணங்களில் வண்டி ஏறுமா என்று பார்க்கிறார்களே தவிர, திரும்புமா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரும் குறையாகவே படுகிறது.

சென்னைக்கு வந்ததும் கணக்குப் போட்டோம். ஒரு படியை ஒரு வண்டி கடக்கப் பத்து நிமிடம். ஒன்பது வண்டிகள், நான்கு படிகள் என்றால் படிகளுக்கு மட்டுமே ஆறு மணி நேரம். ஐந்து வண்டிகள் என்றால் மூன்று மணி இருபது நிமிடம். மீதித் தூரத்தை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் ஒன்றே கால் மணி. காலை 7.30க்கு அடிவாரத்தில் கிளம்பினால் பகல் 12 மணியை ஒட்டி ஊர் சேரலாம். இறங்கவும் அதே நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 1 மணிக்குத் திரும்பினால்தான் பொழுது சாய்வதற்குள் கீழே வரலாம். அந்த ஒரே கணக்கில் மூன்று முடிவுகள் வந்துவிட்டன: ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, முதல் நாள் இரவே ஜமுனாமரத்தூரில் தங்கிவிட வேண்டும், புளியமரத்தடியை 11.45க்குள் தாண்டவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். மூன்றாவதை எல்லாரும் ஒவ்வொருவராக வாய்விட்டு ஒப்புக்கொள்ளும்வரை நான் விடவில்லை. மலையில் நின்று, ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. அதைச் சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தே எடுத்துவிட வேண்டும். முடிவில் மூன்று தார், ஒரு ஜிம்னி, ஒரு ஃபோர்ஸ் கூர்க்கா, பதினான்கு பேர் என்று பட்டியல் நின்றது. வண்டி எடுக்காத நால்வரும் பிறர் வண்டியில் ஏறிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

வண்டிகளைச் சோதித்துப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையை விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைச் சேற்றில் சிக்கிய ஒரு வண்டியை நான் இழுத்தேன். கயிற்றின் கொக்கியை அதன் அடியிலிருந்த ஒரு வளையத்தில் மாட்டினேன். லாரியில் வண்டியை ஏற்றிச் செல்லும்போது கட்டிவைக்க மட்டுமே ஆன வளையம் அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வளையம் பிய்ந்து கொக்கியோடு பறந்து வந்து என் வண்டியின் பின்கண்ணாடியைத் துளைத்துப் பின்னிருக்கையில் விழுந்தது. இருக்கை காலியாக இருந்தது. அன்று என் மகள் அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். தாகம் என்று இறங்கியிருந்தாள். அதனால் இப்போதெல்லாம் யாருடைய வண்டியானாலும் நானே கீழே படுத்து, இழுவைக் கொக்கி வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

இழுக்கும் கயிற்றைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு வளையங்களான ஷாக்கிள்களைப் பாரிமுனையில், பளு தூக்கும் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கினோம். முக்கால் அங்குல ஷாக்கிளின் உடலிலேயே 4.75 டன் என்று புடைப்பெழுத்தில் வார்த்திருக்கும். எழுத்தே இல்லாமல் சிவப்புச் சாயம் பூசி வருவதை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், இழுக்கப் பயன்படுத்தக் கூடாது. இழுக்கும்போது நனைத்துக் கயிற்றின் நடுவில் போட இரண்டு கோணிச்சாக்குகளும் எடுத்துக்கொண்டோம். அறுந்த கயிறு சாட்டையாக எழும்பாமல் ஈரச்சாக்கின் கனம் அதைத் தரையில் அமுக்கும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் தடித்த தேக்குப் பலகை ஒன்றைத் தச்சரிடம் சொல்லி அறுத்து வாங்கினோம். புதுப்பேட்டையில் ஒரு தாருக்கு ஸ்டெப்னி தேடி அரை நாள் அலைந்தோம். அந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் மாற்றியவர், ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவிலேயே விட்டிருந்தார். அளவு மாறிய சக்கரத்தோடு ஃபோர் வீல் டிரைவைப் போட்டால் கியர் பெட்டி பாழாகும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீசலும் பெட்ரோலும் போளூரில் நிரப்புவது. செல்பேசி எடுக்காத இடம் என்பதால் வண்டிக்கு ஒரு வாக்கி டாக்கி. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அதற்கென வரிசையின் கடைசி வண்டியில் ஓர் இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். சாப்பாடு மலையூரிலேயே ஒரு வீட்டில், பணம் கொடுத்து.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பூந்தமல்லியில் சேர்ந்து, காஞ்சிபுரம், ஆற்காடு, ஆரணி, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்த் தங்கினோம். மறுநாள் காலை அடிவாரத்தில் டயர்களில் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினோம். காற்றுக் குறைந்த டயர் கல்லைச் சுற்றி அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டில் பிதுங்குவதால் கூர்முனைக்கு எளிதில் இரையாகும். எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. முதல் இரண்டு படிகளும் கணக்கிட்டதற்கு முன்னதாகவே முடிந்தன. கொளத்தூர் நண்பர்தான் முன்னால் நின்று கைகாட்டினார். ஒவ்வொரு கல்லையும் அவர் தொட்டு அளந்திருந்ததால், சக்கரம் எங்கே போக வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. ஜிம்னி கூட வயிறு உரசாமல் ஏறிவிட்டது. மூன்றாவது படியில் இரண்டாம் தாரின் பின்பக்க டயர், பக்கச்சுவரில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. சரிவில் வண்டி நழுவாமல் கற்களால் முட்டுக் கொடுத்து, தேக்குப் பலகையின் மேல் ஜாக்கியை நிறுத்தி, புதுப்பேட்டை ஸ்டெப்னியை மாட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

புளியமரத்தடிக்கு வந்தபோது மணி 12.20. ஊரின் கூரைகள் தெரிந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. கூர்க்காவை ஓட்டிவந்த அம்பத்தூர் அண்ணன், முதல் ஆளாக வண்டியைத் திருப்பிக் கீழ்நோக்கி நிறுத்தினார்.

மீதி எண்ணூறு மீட்டரை நடந்தோம். சாமைச் சோறும் கொள்ளு ரசமும் காத்திருந்தன. சாப்பிட்டு முடித்ததும், படிகளில் நாங்கள் அடுக்கிய கற்களை இறங்கும்போது கலைத்து, பாதையைப் பழையபடி விட்டுவிடுகிறோம் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே, "அந்த ரெண்டாம் படியில போட்ட கல்லு மட்டும் இருக்கட்டும் தம்பி, பைக்கு ஏற வசதியா இருக்கு" என்றார்.

இரண்டாம் படியின் கற்களைக் கடைசி வண்டி இறங்கிய பிறகு, ஆட்டம் இல்லாமல் இடுக்குகளில் சில்லுக்கல் செருகி, இன்னும் கொஞ்சம் இறுக்கி அடுக்கினோம். மணி 5க்கு அடிவாரத்தில் கம்ப்ரஸரைப் போட்டுக் காற்றடிக்கத் தொடங்கியபோது வெளிச்சம் நன்றாகவே இருந்தது.