பேரை மாத்தினா ஃபைல் மாறாது

நாலு ரோடு, அஞ்சு ரோடு பக்கம் டிடிபி கடைக்கு ஃபைல் அனுப்புற சேலத்துக்காரங்களே, அங்க வேர்ட் 2003 ஓடுதான்னு முதல்ல கேளுங்க. வேர்ட் 2007ல வந்த டாக்எக்ஸ் (.docx) ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப், அதாவது பல ஃபைலைச் சுருக்கிக் கட்டின பொட்டலம். 2003 சேவ் பண்ற பழைய டாக் (.doc) வேற ரகம். ஃபைல் பேர்ல கடைசி 'எக்ஸ்'ஸை மட்டும் அழிச்சு அனுப்பினா 2003ல குப்பையாத்தான் தெரியும். எஃப்12 அழுத்தி, 'வேர்ட் 97-2003 டாக்குமென்ட்'னு சேவ் பண்ணுங்க. கணக்கு வினாத்தாள்னா உஷார்: ஈக்வேஷன் எல்லாம் படமாயிடும், பழைய வேர்ட்ல திருத்தவே முடியாது. டாக்எக்ஸ் மூலத்தை அழிச்சுடாதீங்க.

பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது தனி வியாதி. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல தமிழ் பூரா இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டும். ஃபார்மேட் மாத்தினாலும் தீராது. ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்க. வெறும் பிரிண்ட்தான்னா பிடிஎஃப் போதும்.